உரிமை அறிவிப்பும் அதன் நிறைவேற்றமும்: கூட்டாட்சி நீதிபதி ஃபிராங்க் எம். ஜான்சனின் அலபாமாத் தீர்ப்புகள்

ஆய்வுச் சுருக்கம்

ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1955 முதல் 1979 வரை கூட்டாட்சி மாவட்ட நீதிபதியாகவும் அதன்பின் மேல்முறையீட்டு நீதிபதியாகவும் பணியாற்றியவர் ஃபிராங்க் எம். ஜான்சன் (1918–1999). குடியுரிமைப் போராட்டக் காலத்தின் துணிச்சல்மிக்க நீதிபதி என்றே அவர் பெரிதும் அறியப்படுகிறார். அவருடைய தீர்ப்புகளைக் கால வரிசையில் நோக்கினால் துணிச்சலைக் காட்டிலும் முதன்மையான வேறொன்று புலப்படுகிறது. உரிமை உண்டு என்று அறிவிப்பதற்கும் அதனை உரியவர் கையில் சேர்ப்பதற்கும் இடையிலுள்ள தொலைவை ஒரு நீதிமன்றம் எவ்வளவு வரை கடக்க இயலும் என்பதே அது. பேருந்து வழக்கு தொடங்கிச் சிறை வழக்கு வரை அக்கேள்வி வளர்ந்த முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கூட்டாட்சி நீதித்துறை, அலபாமா, உறுத்துக் கட்டளை, வாக்குரிமை, செல்மா, மனநல மருத்துவமனை, சிறைச் சீர்திருத்தம்

முன்னுரை

இந்தியாவில் மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என ஒரே படிவரிசை உண்டு. மத்தியச் சட்டமாயினும் மாநிலச் சட்டமாயினும் வழக்கு அந்த ஒரே ஏணியில்தான் ஏறுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் ஏணிகள் இரண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நீதிமன்ற அமைப்பு உள்ளது. அதற்கு இணையாக, மாநில எல்லைக்குள்ளேயே கூட்டாட்சி அரசின் மாவட்ட நீதிமன்றங்களும் இயங்குகின்றன. மாநில நீதிபதிகள் பல மாநிலங்களில் மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். கூட்டாட்சி நீதிபதியைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். செனட் அவை ஒப்புதல் அளிக்கிறது. நன்னடத்தை உள்ளவரை அவர் பதவியில் நீடிக்கலாம். அவருடைய ஊதியத்தைப் பதவிக்காலத்தில் குறைக்கவும் இயலாது.

இப்பாதுகாப்பு எதற்காக அளிக்கப்பட்டது என்பதை அலபாமாவின் 1950களைப்போல் தெளிவாகக் காட்டும் காலம் அரிது. இன ஒதுக்கலை ஆதரித்த பெரும்பான்மையின் வாக்கை நம்பியிருந்த எந்த நீதிபதியும் அங்கு அதற்கு எதிராகத் தீர்ப்பளித்துவிட்டு அடுத்த தேர்தலை எதிர்கொண்டிருக்க முடியாது. ஆயினும் பதவிப் பாதுகாப்பு என்பது தீர்ப்பு எழுதுவதற்கான பாதுகாப்பு மட்டுமே. எழுதிய தீர்ப்பை நடைமுறைப்படுத்த நீதிபதியிடம் படையும் இல்லை, கருவூலமும் இல்லை. அவரிடம் இருப்பது உறுத்துக் கட்டளையும், அதை மீறுவோரைத் தண்டிக்கும் அவமதிப்பு அதிகாரமுமே.

தமிழக உரிமையியல் நீதிமன்ற மனுக்களில் இருவகை உறுத்துக் கட்டளைகள் கோரப்படுவது வழக்கம். ஒன்றைச் செய்யாதே என்பது ஒருவகை. ஒன்றைச் செய் என்பது செயலுறுத்துக் கட்டளை. முன்னதற்கு எதிராளி கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலே போதும். பின்னதற்கு அவன் எழுந்து உழைக்க வேண்டும். ஜான்சனின் நீதிமன்ற வாழ்க்கை முதல்வகையில் தொடங்கி இரண்டாம் வகையின் எல்லை வரை சென்ற ஒன்று.

வின்ஸ்டன் கவுன்டியும் இளமையும்

ஜான்சன் 1918 அக்டோபர் 30 அன்று வடமேற்கு அலபாமாவின் வின்ஸ்டன் கவுன்டியில் பிறந்தார். மலையும் மெலிந்த மண்ணும் கொண்ட அப்பகுதியில் பருத்திப் பெருந்தோட்டங்கள் வேரூன்றவில்லை. ஆகவே அடிமை உடைமையாளர்களும் மிகச் சிலரே. 1861இல் அலபாமா ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது வின்ஸ்டனின் பேராளர் கிறிஸ்டபர் ஷீட்ஸ் பிரிவினை ஆவணத்தில் கையொப்பமிட மறுத்தார். ‘வின்ஸ்டன் சுதந்திர நாடு’ என்ற பட்டப்பெயர் அக்கவுன்டிக்கு நிலைத்தது. தென்மாநிலங்கள் ஏறத்தாழ முழுமையாக ஜனநாயகக் கட்சியின் பிடியில் இருந்த காலத்திலும் வின்ஸ்டன் லிங்கனின் குடியரசுக் கட்சியையே சார்ந்திருந்தது. ஜான்சனின் தந்தையும் அக்கட்சியினரே. மாநிலச் சட்டமன்றத்திலும் இடம்பெற்றவர்.

இப்பின்புலத்தை மிகைப்படுத்தி, நீதிபதியின் தீர்ப்புகள் அனைத்தும் மலைநாட்டு மண்ணிலிருந்து விளைந்தவை என்று கூறுவது வாழ்க்கை வரலாறுகளில் காணப்படும் எளிய வழி. வின்ஸ்டனில் கறுப்பின மக்கள் மிகக் குறைவு. அங்கு வளர்ந்தவருக்கு இன உறவுகள் பற்றிய நேரடி அனுபவமும் அவ்வளவே. பின்புலம் அவருக்கு அளித்தது சமத்துவக் கோட்பாடு அன்று. சுற்றியிருப்போரின் கருத்தோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லாத மனநிலையே என்பது பொருத்தமாகும்.

அலபாமாப் பல்கலைக்கழகத்தில் 1943இல் சட்டப்பட்டம் பெற்றார். பிற்காலத்தில் மாநில ஆளுநராகி அவருக்கு நேரெதிராக நின்ற ஜார்ஜ் வாலஸ் அங்கு அவருடைய சக மாணவர். இரண்டாம் உலகப் போரில் தரைப்படை அதிகாரியாக நார்மண்டியில் போரிட்டு இருமுறை காயமுற்றார். போருக்குப்பின் ஜாஸ்பர் நகரில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். 1952இல் ஐசன்ஹோவரின் தேர்தலுக்காக உழைத்தார். 1953இல் வட அலபாமாவின் கூட்டாட்சி அரசு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டார். கறுப்பினத் தொழிலாளர்களைக் கடன் என்ற பெயரில் பிடித்துவைத்துக் கொத்தடிமைகளாக வேலை வாங்கிய வெள்ளையர்மீது வழக்கு நடத்தி, வெள்ளையர் ஜூரியிடமிருந்தே குற்றத்தீர்ப்பைப் பெற்றது அக்காலத்து நிகழ்வு. சான்றுகளைத் துல்லியமாக அடுக்கிவைத்தால் உடன்பட விரும்பாதவரும் உடன்பட நேரும் என்ற நம்பிக்கை பின்னாளில் அவருடைய தீர்ப்புகளின் அமைப்பிலும் தெரிகிறது. அவற்றில் மெய்நிலைகள் நீளமாகவும் சட்ட விளக்கம் சுருக்கமாகவும் அமைந்திருக்கும்.

பேருந்து வழக்கு: வாழும் முன்தீர்ப்பும் இறந்த முன்தீர்ப்பும்

1955 அக்டோபரில் ஐசன்ஹோவர் அவரை மத்திய அலபாமாவின் மாவட்ட நீதிபதியாக நியமித்தார். அப்போது அவருக்கு 37 வயது நிறையவிருந்தது. தலைமையிடம் மான்ட்கோமரி. அவர் பதவியேற்ற சில வாரங்களிலேயே, டிசம்பர் 1 அன்று, அதே நகரில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதானார்.

பேருந்துப் புறக்கணிப்பு தெருவில் நடந்துகொண்டிருக்க, நீதிமன்றத்தில் வந்த வழக்கு வேறு பெண்களுடையது. ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கோல்வின், மேரி லூயிஸ் ஸ்மித் ஆகியோர் 1956 பிப்ரவரியில் தொடுத்த ‘பிரவுடர் எதிர் கெய்ல்’ வழக்கு அது. மாநிலச் சட்டத்தின் அரசியலமைப்புத் தகுதி கேள்விக்குள்ளானதால் மூவர் அமர்வு விசாரித்தது: மேல்முறையீட்டு நீதிபதி ரிச்சர்ட் ரைவ்ஸ், மாவட்ட நீதிபதிகள் சீபர்ன் லின், ஜான்சன்.

சட்டச் சிக்கல் நுட்பமானது. ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற கோட்பாட்டை இரயில் பயணம் பற்றிய பிளெஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1896இல் ஏற்றிருந்தது. 1954இன் பிரவுன் தீர்ப்பு அதைப் பள்ளிகளைப் பொறுத்த அளவில் நிராகரித்தது. போக்குவரத்தைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. கீழமை நீதிமன்றம் என்ன செய்ய வேண்டும்? உச்ச நீதிமன்றமே வெளிப்படையாக நீக்கும்வரை பிளெஸி கட்டுப்படுத்தும் என்பது லின்னின் மாறுபட்ட தீர்ப்பு. அது பொருட்படுத்தத் தகாத வாதமன்று. படிநிலை ஒழுங்கைக் காப்பது கீழமை நீதிபதியின் முதற்கடமை என்போர் இன்றும் அதையே கூறுவர். ரைவ்ஸும் ஜான்சனும் மறுநிலையை எடுத்தனர். பிரவுனுக்குப் பின் வந்த தீர்ப்புகளின் போக்கில் பிளெஸி உள்ளீடற்றுப் போய்விட்டது. இறந்துவிட்ட முன்தீர்ப்பை உயிருள்ளதாகப் பாவிக்க நீதிமன்றம் கடமைப்பட்டதன்று என்பது அவர்கள் கருத்து. 1956 ஜூன் 5 அன்று வெளியான அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நவம்பர் 13 அன்று உறுதிசெய்தது. ஓராண்டுக்கு மேல் நீண்ட புறக்கணிப்பு டிசம்பரில் முடிவுற்றது.

இங்கு வழங்கப்பட்ட தீர்வு எளிய தடைக் கட்டளை. பிரித்து அமர்த்தாதே என்பதோடு அது முடிந்தது. கண்காணிப்பு, கால அட்டவணை, அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. அடுத்து வந்த வழக்குகளில் அந்த எளிமை நிலைக்கவில்லை.

டஸ்கீகி: தவறிய இடமும் திருத்திய இடமும்

ஜான்சனைப் போராளியாகச் சித்திரிக்கும் நூல்கள் விரைந்து கடந்துவிடும் தீர்ப்பு ஒன்று உண்டு. மேக்கன் கவுன்டியின் டஸ்கீகி நகரில் கறுப்பினக் கல்விநிலையம் ஒன்றைச் சுற்றிப் பேராசிரியர்களும் மருத்துவர்களும் வாழ்ந்தனர். அவர்களுடைய வாக்குகள் பெருகிவந்தன. 1957இல் மாநிலச் சட்டமன்றம் சதுர வடிவிலிருந்த நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட உருவமாக மாற்றியது. நகரிலிருந்த ஏறத்தாழ 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேர் தவிர ஏனையோர் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டனர். வெள்ளையர் ஒருவரும் வெளியேற்றப்படவில்லை.

பேராசிரியர் சார்லஸ் கோமில்லியன் தொடுத்த வழக்கை ஜான்சன் தள்ளுபடி செய்தார். நகராட்சி எல்லையை வரையறுப்பது சட்டமன்றத்தின் முழு அதிகாரத்துக்கு உட்பட்டது. அதன் உள்நோக்கத்தை நீதிமன்றம் துருவ இயலாது என்பது அவர் காட்டிய காரணம். அன்றிருந்த முன்தீர்ப்புகள் அவர் பக்கமே நின்றன. மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மையாக ஒப்புக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 1960 நவம்பரில் ஒருமனதாக அதை மாற்றியது. எல்லைக்கோட்டின் உருவமே அதன் நோக்கத்தைக் கூறுகிறது என்பதே ஃபிராங்க்ஃபர்ட்டர் எழுதிய தீர்ப்பின் சாரம். வழக்கு திரும்பிவந்தபின் ஜான்சன் அச்சட்டத்தை இல்லாநிலையதாக அறிவித்தார்.

பேருந்து வழக்கில் முன்தீர்ப்பைத் தாண்டிச் சென்றவர் இங்கு முன்தீர்ப்புக்குள் நின்றார். இதை முரண்பாடு என்று கூறுவதைவிட, தன் அதிகார எல்லை பற்றிய தயக்கம் அவரிடம் இயல்பாகவே இருந்தது என்று கொள்வது பொருந்தும். பிற்காலத்தில் அவர் பிறப்பித்த விரிந்த கட்டளைகளை அதிகார வேட்கையின் விளைவு என்போர் இவ்வழக்கைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதே மேக்கன் கவுன்டியில் வாக்காளர் பதிவு வழக்கு 1961இல் முடிவுக்கு வந்தது. எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர் நிராகரிக்கப்பட, படிவத்தை நிரப்பவும் தடுமாறிய வெள்ளையர் அலுவலர் உதவியோடு பதிவு செய்யப்பட்டனர். ஜான்சன் கண்ட தீர்வு கூர்மையானது. தேர்வை நீக்கவில்லை, இதுவரை பதிவு செய்யப்பட்ட வெள்ளையருக்கு எவ்வளவு தளர்வான அளவுகோல் பயன்பட்டதோ, அதே அளவுகோலைக் கறுப்பினத்தவருக்கும் பயன்படுத்த ஆணையிட்டார். இனிமேல் கண்டிப்பாக நடத்துவோம் என்று இரு இனத்தாருக்கும் பொதுவாக விதியை இறுக்கினால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர் உள்ளேயும் வெளியே நிறுத்தப்பட்டவர் வெளியேயும் உறைந்துபோவர். சமமாக நடத்துதல் பழைய சமமின்மையை எவ்வாறு நிலைப்படுத்தும் என்பதை உணர்ந்த இக்கோட்பாடு ‘உறைய வைத்தல்’ கோட்பாடு எனப் பின்னர் அறியப்பட்டது. அவருடைய சட்டப் பங்களிப்புகளில் செல்மாவைக் காட்டிலும் இது நுட்பமானது. ஆனால் குறைவாகப் பேசப்படுவது.

வாலஸும் பதிவேடுகளும்

வாக்காளர் பதிவேடுகளைப் பெறுவதே முதலில் ஒரு போராட்டமாக இருந்தது. 1958 இறுதியில் குடியுரிமை ஆணையம் பார்பர், புல்லக் கவுன்டிகளின் பதிவேடுகளைக் கோரியபோது, அங்கு மாநில நீதிபதியாயிருந்த வாலஸ் அவற்றைத் தன் பொறுப்பில் முடக்கிவைத்தார். தரும்படி ஜான்சன் ஆணையிட்டார். வாலஸ் வெளியே எதிர்ப்பு முழங்கிக்கொண்டே, பதிவேடுகளை உள்ளூர்ப் பெருஜூரியிடம் கொடுத்து, அதன் வழியே ஆணையத்தின் கையில் சேர அனுமதித்தார். 1959 ஜனவரியில் அவமதிப்பு வழக்கில் ஜான்சன் அவரை விடுவித்தார். ஆனால் விடுவித்த தீர்ப்பிலேயே, வளைந்த வழியில் அவர் ஆணைக்குப் பணிந்துவிட்டார் என்று பதிவு செய்தார். சிறைக்கு அனுப்பியிருந்தால் வாலஸ் தியாகியாகியிருப்பார். பணிந்தார் என்ற மெய்நிலையே அவருக்குக் கசப்பான தண்டனை. எனினும் கூட்டாட்சி நீதிபதியை எதிர்த்து நின்றவராகத் தன்னைக் காட்டிக்கொண்டே அவர் 1962இல் ஆளுநர் தேர்தலில் வென்றார். தீர்ப்பின் வாசகத்தைப் படித்தவர்கள் வாக்காளர்களில் எத்தனை பேர் இருந்திருப்பர்?

செல்மா: தவற்றின் அளவும் உரிமையின் அளவும்

1965 மார்ச் 7 அன்று செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் வாக்குரிமை ஊர்வலத்தினரை மாநிலக் காவலர் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினர். மறுநாளே ஹோசியா வில்லியம்ஸ், ஜான் லூயிஸ் முதலியோர் ஜான்சனிடம் வழக்குத் தொடுத்தனர். உடனடியாக ஊர்வலத்துக்கு அனுமதி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. மறுதரப்பைக் கேளாமல் ஆணை பிறப்பிக்க மறுத்த ஜான்சன், விசாரணை முடியும்வரை ஊர்வலம் கூடாதென்றார். மார்ட்டின் லூதர் கிங் மார்ச் 9 அன்று பாலம் வரை சென்று திரும்பியதற்கு இந்த ஆணையும் ஒரு காரணம். 1961இல் விடுதலைப் பயணிகள் மான்ட்கோமரியில் தாக்கப்பட்டபோதும் அவர் கூ கிளக்ஸ் கிளானையும் காவல்துறையையும் கட்டுப்படுத்தியதோடு நில்லாமல், பயணங்களை நடத்தியோர்க்கும் குறுகிய காலத் தடை விதித்திருந்தார். போராட்டத்தினர் அவரை எப்போதும் தம் பக்கத்தவராகக் கருத இயலவில்லை.

விசாரணையில் பாலத்துத் தாக்குதலின் தொலைக்காட்சிப் படச்சுருள் நீதிமன்றத்தில் காட்டப்பட்டது. அரசியல் இயக்கம் ஒன்றின் வழக்கில் அசையும் படம் சான்றாக நின்ற தொடக்ககால நிகழ்வுகளுள் இது குறிப்பிடத்தக்கது. வாக்காளர் பதிவுக் கணக்குகளும் முன்வைக்கப்பட்டன. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த லவுண்ட்ஸ், வில்காக்ஸ் கவுன்டிகளில் அவ்வாண்டின் தொடக்கத்தில் கறுப்பின வாக்காளர் ஒருவர்கூடப் பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை.

ஏறத்தாழ 54 மைல் பொது நெடுஞ்சாலையில் பல நாள் ஊர்வலம் செல்லும் உரிமை எந்த முன்தீர்ப்பிலும் இல்லை. போக்குவரத்து உரிமைக்கும் கூடும் உரிமைக்கும் இடையே கோடு எங்கே? மார்ச் 17 தீர்ப்பில் ஜான்சன் அளித்த விடை, எதிர்க்கப்படும் தவறு எவ்வளவு பெரிதோ அதற்கேற்ற அளவில் எதிர்ப்பு உரிமையும் விரியும் என்பது. இக்கோட்பாடு சட்ட அறிஞர்களால் பாராட்டப்பட்ட அளவுக்கு ஐயுறவும் செய்யப்பட்டது. தவற்றின் அளவை நீதிபதி எடைபோட்டால், பேச்சின் உள்ளடக்கத்தை அவர் எடைபோடுகிறார் என்றாகிவிடாதா என்பது அவர்கள் எழுப்பிய வினா. பின்வந்த நீதிமன்றங்கள் இந்த அளவீட்டைப் பொதுவிதியாக வளர்க்கவில்லை. ஜான்சனே அதை வரம்பற்றதாக விடவில்லை. வாதிகள் அளித்த ஊர்வலத் திட்டத்தைத் தீர்ப்போடு இணைத்து, சாலை இருவழியாகக் குறுகும் பகுதியில் 300 பேருக்கு மேல் செல்லக்கூடாதென்ற வரம்பையும் ஏற்றார்.

பாதுகாப்பளிக்க மாநிலத்தால் இயலாது என்று வாலஸ் கைவிரித்தார். குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அலபாமாத் தேசியக் காவல் படையைக் கூட்டாட்சிப் பொறுப்பில் எடுத்தார். மார்ச் 21 முதல் 25 வரை ஊர்வலம் நடந்தது. நீதிமன்றக் கட்டளைக்குப் பின்னால் நிர்வாகத்தின் படை நின்றால்தான் அது கட்டளை என்பதை அந்த ஐந்து நாட்களும் காட்டின.

ஊர்வலம் முடிந்த இரவே வயோலா லியூசோ என்ற பெண் கிளானைச் சேர்ந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். மாநில நீதிமன்றத்தில் கொலைக்குற்றம் நிலைக்கவில்லை. முதல் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. இரண்டாம் ஜூரி குற்றவாளி அல்லர் என்றது. டிசம்பரில் ஜான்சன் முன்னிலையில், 1870ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ், குடியுரிமையைப் பறிக்கச் சதி செய்த குற்றத்துக்காக மூவர் விசாரிக்கப்பட்டனர். முடிவு எட்ட இயலவில்லை என்று ஜூரி தெரிவித்தபோது அவர் அவர்களை மீண்டும் ஆலோசிக்க அனுப்பினார். மூவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. சட்டம் அனுமதித்த உச்ச அளவான பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ‘வைட் எதிர் குரூக்’ வழக்கில் அவர் இடம்பெற்ற அமர்வு, லவுண்ட்ஸ் கவுன்டி ஜூரிகளிலிருந்து கறுப்பினத்தவரை மட்டுமன்றி, எல்லாப் பெண்களையும் விலக்கிய மாநிலச் சட்டமும் செல்லாதென்றது.

இத்தீர்ப்புகளின் விலையை அவர் குடும்பத்தோடு செலுத்தினார். மான்ட்கோமரியின் வெள்ளையர் சமூகம் விலகிக்கொண்டது. வீட்டு முன்புறம் சிலுவை எரிக்கப்பட்டது. 1967 ஏப்ரலில் அவருடைய தாயாரின் வீட்டில் குண்டு வெடித்தது. தாயார் காயமின்றித் தப்பினார்.

பிரைஸ் மருத்துவமனை: கழிப்பறைக் கணக்கு வரை

பள்ளி வழக்குகளில்தான் ஜான்சனின் கட்டளைகள் தடையிலிருந்து செயலுக்குத் திரும்பின. 1963இல் டஸ்கீகி உயர்நிலைப்பள்ளிக்கென்று தொடங்கிய ‘லீ எதிர் மேக்கன் கவுன்டி’ வழக்கில், உள்ளூர்க் கல்வி வாரியம் இணங்க முன்வந்தும் ஆளுநர் மாநிலக் காவலரை அனுப்பித் தடுத்தார். அந்தத் தலையீடே மாநில அரசைப் பொறுப்பாக்கியது. 1967 மார்ச்சில் மூவர் அமர்வு மாநிலத்தின் 118 பள்ளி அமைப்புகளில் 99இன்மீது ஒரே ஆணை பிறப்பித்தது. எஞ்சியவை ஏற்கெனவே வேறு ஆணைகளின்கீழ் இருந்தன. ஒரு பள்ளியோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கைத் தன் எதிர்ப்பாலேயே மாநிலம் முழுமைக்கும் விரித்தவர் ஆளுநர்.

ஆனால் இப்போக்கின் உச்சம் இனப் பிரச்சினையோடு தொடர்பற்ற ஒரு வழக்கில் வந்தது. 1970இல் சிகரெட் வரி வருவாய் குறைந்ததால் டஸ்கலூசாவிலுள்ள பிரைஸ் மனநல மருத்துவமனையில் ஊழியர் சுமார் நூறு பேர் நீக்கப்பட்டனர். வேலையை மீட்கத் தொடுத்த அவ்வழக்கில் நோயாளிகளின் நலனும் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டது. ரிக்கி வயாட் என்ற பதின்வயது நோயாளி முதல் வாதியானார். வழக்கின் முதல் நோக்கம் மறைந்து, துணைக்காரணமாக வந்தது வழக்கு முழுவதையும் விழுங்கியது.

மருத்துவமனையில் சுமார் 5,000 பேர் இருந்தனர். அவர்களுக்குச் சான்றிதழ் பெற்ற மனநல மருத்துவர் ஒருவரும் இல்லை. ஒரு நோயாளியின் ஒருநாள் உணவுக்கு மாநிலம் செலவிட்டது 50 சென்டுக்கும் குறைவு. 1971 மார்ச்சில் ஜான்சன் அளித்த தீர்ப்பின் தருக்கம் எளியது. குற்றமற்ற ஒருவரை, குணப்படுத்துவதற்கென்று கூறி, அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்துவைக்கிறது அரசு. குணப்படுத்தவில்லையெனில் அடைத்துவைப்பதற்கான காரணமே இல்லை. எனவே போதிய சிகிச்சை பெறுவது அரசியலமைப்பு உரிமை.

உரிமையை அறிவித்தபின் மாநிலத்துக்கு ஆறு மாதம் அவகாசம் அளித்தார். திட்டம் வந்தது, போதவில்லை. அதன்பின் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம், உளவியலாளர் சங்கம் முதலியவற்றை நீதிமன்றத்தின் நண்பர்களாக அழைத்து, தரப்பினர் பெரும்பகுதி ஒப்புக்கொண்ட குறைந்த அளவுத் தரங்களை 1972 ஏப்ரலில் ஆணையாக்கினார். எட்டு நோயாளிகளுக்கு ஒரு கழிப்பறை. பதினைந்து பேருக்கு ஒரு குளியலிடம். அறை வெப்பம் 68 பாரன்ஹீட்டுக்குக் குறையாமலும் 83ஐத் தாண்டாமலும் இருத்தல். ஒவ்வொருவருக்கும் தனிச் சிகிச்சைத் திட்டம். 250 நோயாளிகளுக்கு இத்தனை மருத்துவர், இத்தனை செவிலியர் என்ற விகிதம். அரசியலமைப்பின் ‘உரிய சட்ட நடைமுறை’ என்ற சொற்றொடரிலிருந்து கழிப்பறைகளின் எண்ணிக்கை எவ்வாறு பிறந்தது என்று விமரிசகர் வினவினர். வினா நியாயமானதே. ஆனால் எண்ணிக்கையற்ற ஆணையை மாநிலம் எவ்வாறு நடத்தும் என்பதற்கு அந்த ஆறு மாத அவகாசமே விடையாக இருந்தது.

மாநிலம் நிதியில்லை என்றது. நிதிப் பற்றாக்குறை உரிமையை மறுக்கக் காரணமாகாது என்பது அவர் நிலை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1974இல் சிகிச்சை உரிமையை உறுதிசெய்தது. இத்தரங்கள் பிற மாநிலங்களின் சட்டங்களிலும் மனநலக் கொள்கைகளிலும் மாதிரியாகப் பயன்பட்டன.

சிறைகளும் ‘பந்தைத் தள்ளிவிடும்’ நோயும்

1976 ஜனவரியில் அலபாமாச் சிறைகள் முழுவதுமே கொடிய தண்டனையாக உள்ளன என்று தீர்ப்பளித்தார். டிரேப்பர் சிறையில் கைதிகளே ‘நாய்க்கூண்டு’ என்றழைத்த தண்டனை அறைகள் நான்கடி அகலம், எட்டடி நீளம் கொண்டவை. படுக்கை, விளக்கு, குழாய்நீர் எதுவுமின்றி, தரையில் ஒரு துளையே கழிப்பிடமாக, ஆறுபேர் வரை அவற்றில் அடைக்கப்பட்டனர். ஒரு கைதிக்கு 60 சதுர அடி உட்பட விரிவான தரங்களை விதித்து, அவற்றைக் கண்காணிக்கக் குடிமக்கள் 39 பேர் கொண்ட குழுவையும் அமைத்தார். இங்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை நிறுத்தியது. உரிமைமீறல் கண்டுபிடிப்பை ஏற்ற அது, கண்காணிப்புக் குழுவை 1977இல் கலைத்தது. நீதிமன்றம் சிறையை நிர்வகிக்கக்கூடாது என்பது அதன் அச்சம். ஓரிரு ஆண்டுகளில் மாநிலம் இணங்காத நிலையில் ஜான்சன் வேறு வழியைக் கண்டார். 1979இல் புதிய ஆளுநர் ஃபாப் ஜேம்ஸையே சிறைகளின் பொறுப்பாளராக நியமித்தார். தப்பிக்கும் கதவு இருந்த இடத்தில் பொறுப்பைக் கொண்டுபோய் வைத்தது அந்த ஆணை.

சட்டப் பேராசிரியர் ஏப்ரம் சேயஸ் 1976இல் எழுதிய கட்டுரையில், நீதிபதி தீர்ப்போடு விலகாமல் நிறுவனங்களைத் தொடர்ந்து சீரமைக்கும் இப்புதிய வழக்குமுறையை வரையறுத்தார். ஜான்சன் அதற்குக் கொடுத்த விளக்கம் கோட்பாட்டைவிட அரசியலைச் சார்ந்தது. அமெரிக்கக் காற்பந்தில், தம்மால் முன்னேற முடியாதபோது பந்தை உதைத்து எதிரணிக்குத் தள்ளிவிடுவதுண்டு. மாநில அரசியலர் மருத்துவமனை, சிறை, வரி, தொகுதி வரையறை என வாக்கு தராத பொறுப்புகளை எல்லாம் அவ்வாறே நீதிமன்றத்துக்கு உதைத்துவிடுகின்றனர். தீர்ப்பு வந்தபின் நீதிபதியைத் திட்டி அதிலும் வாக்கு சேர்க்கின்றனர். இதனை அவர் அலபாமாவின் நோயென்றே பெயரிட்டு எழுதினார். தொகுதி வரையறை இதற்குத் தக்க சான்று. 1901க்குப் பின் மாநிலச் சட்டமன்றத் தொகுதிகள் மறுவரையறை செய்யப்படவில்லை. அவர் இடம்பெற்ற அமர்வு 1962இல் தானே தற்காலிக வரையறையை அளித்தது. அதன் மேல்முறையீட்டில்தான் 1964இன் ‘ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ்’ தீர்ப்பில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற நெறி மாநிலங்களுக்கு உறுதியாயிற்று.

நோய் என்ற அந்த விளக்கம் முழுமையானதன்று. அரசியலர் தட்டிக்கழிப்பதால் நீதிமன்றம் விரிகிறது என்றால், நீதிமன்றம் விரிவதாலேயே தட்டிக்கழித்தல் எளிதாகிறது என்றும் கூறலாம். அவரது எழுத்தில் இந்த மறுபக்கத்துக்குப் போதிய விடை கிடைக்கவில்லை.

பிற்காலம்

1977இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் அவரைக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் இயக்குநராக முன்மொழிந்தார். அறுவைசிகிச்சைக்குப் பின் உடல்நலக்குறைவால் அவர் விலகினார். 1979இல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்டு, அது பிரிக்கப்பட்ட 1981 முதல் பதினோராம் வட்டத்தில் பணியாற்றினார். வயதுவந்த இருவரின் தனிப்பட்ட ஒருபால் உறவைக் குற்றமாக்கிய ஜார்ஜியாச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் 1985இல் அவர் எழுதிய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மறு ஆண்டில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாற்றியது. அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் 2003இல் நீக்கப்பட்டது; அதைக் காண அவர் இல்லை. 1995இல் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் பெற்ற ஜான்சன் 1999 ஜூலை 23 அன்று மறைந்தார்.

வயாட் வழக்கு அவருக்குப் பின்னும் நீடித்தது. தொடங்கி 33 ஆண்டுகள் கழித்து, 2003 டிசம்பரில், அதே மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதி மைரன் தாம்ப்சன் அதை முடித்துவைத்தார். மருத்துவமனைகளில் அடைபட்டோரின் தொகை அதற்குள் பெரிதும் சுருங்கியிருந்தது. சிறைகளின் கதை வேறு. ஜான்சனின் பெயர் தாங்கிய மான்ட்கோமரி நீதிமன்றத்தில் 2017 ஜூனில் அதே தாம்ப்சன், அலபாமாச் சிறைகளில் மனநலச் சிகிச்சை அரசியலமைப்பு கோரும் அளவுக்கு மிகவும் கீழே உள்ளதென்று தீர்ப்பளித்தார். 2020 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் அம்மாநிலத்தின் ஆடவர் சிறைகள்மீது வழக்குத் தொடுத்தது. குற்றச்சாட்டுகளில் நெரிசலும் கைதிகளுக்கிடையிலான வன்முறையும் மீண்டும் இடம்பெற்றிருந்தன.